ஏட்டில் ஏறாத பதக்கம்

தாராபுரம் தாலூக்காவில் அமராவதிக் கரையோரத்து ஊரொன்றிலிருந்து சென்ற வாரம் ஒரு முதியவர் நம்மைக் காண வந்திருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள்ளே பழுப்பேறிய டிஸ்சார்ஜ் புத்தகமும், நாலாக மடித்த சில கடிதங்களும். 1968-ஆம் வருஷம் ராணுவத்தில் சேர்ந்தவர். 1971-ஆம் வருஷத்து யுத்தத்தில் மேற்குப் போர்முனையில் நின்றவர். தகப்பனார் காலமானதும் காட்டையும் தோட்டத்தையும் பார்க்க வேறு ஆளில்லாமையால், 1977-இல் தாமே விரும்பி விலகி ஊர் திரும்பியவர். அவர் கேட்பது பணமன்று, நிலமன்று, உத்தியோகமுமன்று. யுத்த சேவைக்காகத் தமக்குச் சேரவேண்டிய இரண்டு பதக்கங்களைத் தம்முடைய சேவைப் பதிவேட்டில் எழுதித் தரவேண்டும் என்பதே அவருடைய விண்ணப்பம். அதற்கு அவர் பெற்ற பதிலின் சாரம் இது: தங்களுடைய தஸ்தாவேஜுகள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டுவிட்டன, தங்களிடம் ஆதாரம் இருப்பின் அனுப்பலாம்.

இக்கடிதத்தை நாம் இருமுறை வாசித்தோம். பத்திரத்தைத் தன் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவன், அதைத் தானே எரித்துவிட்டு, எதிராளியைப் பார்த்துப் 'பத்திரம் எங்கே?' என்று கேட்பானாகில், எந்த முன்சீப் கோர்ட்டிலும் அவன் கட்சி அரை நாழிகை நிற்காது. ஆனால் சர்க்கார் கேட்டால் மட்டும் அது விதியாகிவிடுகிறது!

விஷயம் இன்னதென்று நேயர்கள் தெளிவாக அறியவேண்டும். ராணுவத்தில் சிப்பாய் ஒவ்வொருவருக்கும் 'ஷீட் ரோல்' என்னும் சேவை ஏடு ஒன்று உண்டு. அது அவர் கையில் இராது. அவர் சேர்ந்த படைப்பிரிவின் பதிவு அலுவலகத்தில் இருக்கும். பதவி உயர்வு, விவாகம், குழந்தை பிறப்பு, தண்டனை, பதக்கம் ஆகிய யாவும் முதலில் 'பாகம் இரண்டு உத்தரவு' என்ற பெயரால் பிரசுரமாகி, பிறகு அந்த ஏட்டில் ஏறவேண்டும். சிப்பாய் விலகும்போது அந்த ஏட்டின் சுருக்கமே டிஸ்சார்ஜ் புத்தகமாக அவர் கைக்கு வருகிறது. ஆகவே, எங்கோ ஒரு குமாஸ்தாவின் பேனா ஒருநாள் ஓய்ந்திருந்தால், அந்த ஓய்வு வீரனின் ஆயுள் முழுவதும் நீடிக்கும்.

1971-ஆம் வருஷத்து யுத்தத்துக்கென்று ஏற்பட்ட பதக்கங்கள், கிழக்கு முனைக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பஸ்சிமி ஸ்டார், அக்காலத்தில் படையில் இருந்தவர்களுக்குப் பொதுவாக ஸங்க்ராம் மெடல் என்பன. இவையெல்லாம் யுத்தம் ஓய்ந்த பின்னரே ஏற்படுத்தப்பட்டவை. அதற்குள் படைகள் இடம் மாறின, ஆட்கள் மாறினர், சிலர் ஆஸ்பத்திரியில் இருந்தனர், சிலர் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டனர். இந்த இடைவெளியில் சில பெயர்கள் விட்டுப்போயிருப்பது வியப்பன்று. விட்டுப்போனதைப் பின்னர் சேர்ப்பதற்கு வழியில்லாமற் போவதே வியப்பு.

வழி ஏன் இல்லை? ராணுவத்தின் 1987-ஆம் வருஷத்து விதிகளின்படி, ஓய்வூதியம் பெறாமல் விலகியவர்களின் சேவைத் தஸ்தாவேஜுகளை இருபத்தைந்து வருஷங்கள் வைத்திருந்தால் போதும், பிறகு அழித்துவிடலாம். 'லாங் ரோல்' என்னும் பெயர்ப் பேரேடு மட்டுமே நிரந்தரமாக நிற்கும். நம் முதியவர் 1977-இல் விலகியவர். 2002-ஆம் வருஷத்தோடு அவருடைய ஏட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. முப்பது வயதில் ஏர் பிடித்துக்கொண்டிருப்பவனுக்குப் பதக்கத்தின் நினைவு எழுவதில்லை. எழுபதைக் கடந்து, பிள்ளைகள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட, திண்ணையில் தனியே உட்காரும் காலத்திலேதான், தான் யார் என்பதை எழுத்திலே காணவேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு உண்டாகிறது. அந்த வயதுக்கு முன்பே ஏட்டை எரித்துவிடுவது சர்க்காரின் சிக்கனம்.

இங்கே இன்னொரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். இவர் படையில் சேர்ந்தபோது தாராபுரம் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. 1979-இல் பெரியார் ஜில்லாவுக்குப் போயிற்று; அந்த ஜில்லா பின்பு ஈரோடு என்று பெயர் மாறிற்று; 2009-இல் தாராபுரம் திருப்பூர் ஜில்லாவில் சேர்ந்தது. மனிதர் தம் வீட்டு வாசலைவிட்டு நகரவில்லை. ஜில்லாவோ அவரைச் சுற்றி நடந்துகொண்டே இருந்திருக்கிறது. புத்தகத்தில் ஒரு ஜில்லா, குடும்ப அட்டையில் வேறு ஜில்லா. 'விலாசத்தில் முரண்பாடு' என்று ஒரு கடிதம் திரும்பி வந்ததற்கும் இதுவே காரணம்.

"பதக்கம் என்ன, ஒரு தகரத் துண்டுதானே? அதை ஏட்டில் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன?" என்று கேட்கும் புத்திமான்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு முதலில் ஒன்று சொல்வோம். ஆநிரை மீட்டு மாண்டவனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரைப் பொறித்த நாடு இது. தேனி ஜில்லாவில் புலிமான்கோம்பையில் 2006-இல் அகப்பட்ட தமிழ் பிராமி எழுத்து நடுகற்கள், இவ்வழக்கம் எத்துணைப் பழமையானது என்பதைக் காட்டின. உயிரோடு திரும்பியவனுக்குக் கல் வேண்டாம். அவன் கேட்பது இரண்டு வரி எழுத்து.

வெறும் கௌரவத்தோடு காரியம் முடிவதும் இல்லை. முன்னாள் ராணுவத்தார் என்ற அந்தஸ்துக்கு மத்திய சர்க்கார் வகுத்துள்ள இலக்கணத்தில், வீரதீரப் பதக்கம் பெற்றவர்கள் தனியே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அத்தகைய பதக்கம் ஒன்று ஏட்டில் விட்டுப்போனால், மனிதனின் அந்தஸ்தே கேள்விக்கு உள்ளாகும். சேவைப் பதக்கங்களுக்கு அவ்வித லாபம் இல்லை என்பது மெய். ஆனால் யுத்தகாலத்தில் அவர் எந்த முனையில் இருந்தார் என்பதற்கு அந்தப் பதக்கமே சாட்சி. காயத்தின் விளைவாகப் பின்னர் வரும் வியாதிக்கு நிவாரணம் கேட்கும்போது, முதற்கேள்வி அதுவாகத்தானே இருக்கும்?

பதக்கம் சாட்சியாக நின்ற கதையை லண்டனிலே காணலாம். முதல் உலக யுத்தத்தில் பணிபுரிந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் சேவைத் தஸ்தாவேஜுகளில் பாதிக்கு மேற்பட்டவை 1940 செப்டம்பரில் ஜெர்மானியரின் குண்டுவீச்சில் எரிந்து போயின. ஆனால் பதக்க ஜாபிதாக்கள் தப்பின. பேரப்பிள்ளைகள் இன்று தங்கள் பாட்டனார் எந்தப் படையில் இருந்தார் என்று அறிவது பெரும்பாலும் அந்த ஜாபிதாக்களைக் கொண்டுதான். அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்துப் பதிவுச்சாலையில் 1973 ஜூலையில் தீப்பற்றி, ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் அதிகமான கட்டுகள் நாசமாயின. அந்நாட்டார் 'ஏடு போயிற்று, நீயும் போ' என்று கிழவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. சம்பளப் பட்டியல், படைப்பிரிவின் அன்றாட அறிக்கை முதலியவற்றிலிருந்து பொறுக்கி எடுத்து ஏட்டை மறுபடி கட்டுவதற்கு ஏற்பாடு செய்தனர். ராணுவ ஏட்டில் உள்ள பிழையையோ அநீதியையோ திருத்துவதற்கென்றே சபைகள் அமைக்க 1946-ஆம் வருஷமே அங்கு சட்டம் வந்தது. அங்கே ஏடு போனது தீ விபத்தினால், இங்கே விதியினால். விபத்துக்கு அங்கே பரிகாரம் உண்டு. விதிக்கு இங்கே பரிகாரம் இல்லை.

வெளிநாட்டு உதாரணம் பிடிக்காதவர்களுக்கு நம் நாட்டு உதாரணமே கைவசம் இருக்கிறது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததை நாம் சொல்லவேண்டியதில்லை. அந்தப் படையும் ஷேரே ஹிந்த், ஸர்தாரே ஜங், வீரே ஹிந்த் என்று தன் வீரர்களுக்குப் பதக்கங்களை ஏற்படுத்தியிருந்தது. யுத்தம் முடிந்தபோது அந்தச் சர்க்காரும் இல்லை, அதன் ஏடுகளைப் பேணுவாரும் இல்லை. 1972-இல் தேசபக்தர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் வந்தபோது, சிறை ஏடு இல்லாதவர்கள் என் செய்வது என்ற கேள்வி எழுந்தது. உடன் சிறையிருந்தவர் தரும் அத்தாட்சியை ஏற்கலாம் என்று சர்க்காரே வழி செய்தது. 2001-ஆம் வருஷத்து குர்தியால் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார், இத்தகைய கோரிக்கைகளுக்குக் கிரிமினல் வழக்கில் கேட்பது போன்ற ருஜுவைக் கேட்கலாகாது என்றும், அநுதாபத்தோடு நோக்கவேண்டும் என்றும் தீர்த்தார்கள். அன்னிய ஆட்சியை எதிர்த்துப் போராடியவருக்கு ஒரு நியாயம், சுதந்திர இந்தியாவின் எல்லையைக் காத்தவருக்கு வேறொரு நியாயமா?

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. மூலப் பத்திரம் அழிந்துபோனால் துணைச் சாட்சியத்தை ஏற்கலாம் என்பது 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் முதல் உள்ள கொள்கை. 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்த பின்பும் அது மாறவில்லை. பெயர்ப் பேரேட்டில் இவர் பெயரும், சேர்ந்த தேதியும், விலகிய தேதியும் இருக்கின்றன. இவருடைய பட்டாளம் 1971 டிசம்பரில் எங்கே நின்றது என்பது ராணுவத்துக்குத் தெரியாத ரகசியமன்று. அந்தப் பட்டாளத்தின் யுத்தக் குறிப்பே சொல்லும். இரண்டையும் ஒரே மேஜைமீது வைத்துப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். அந்த ஒரு மணி நேரத்தைச் செலவிட மனமில்லாமையினால் ஒரு கிழவர் ஆறு வருஷம் அலைகிறார்.

போலிகள் புகுந்துவிடுவார்கள் என்ற அச்சம் அதிகாரிகளுக்கு உண்டு. அது முற்றிலும் பொய்யச்சம் அல்ல. தியாகிகள் ஓய்வூதியத்திலேயே போலித் தியாகிகள் அகப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் அங்கே மாதாமாதம் பணம் இருந்தது. சேவைப் பதக்கத்தை ஏட்டில் எழுதினால் சர்க்காருக்குச் செலவாவது மசி மட்டுமே.

ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறதே, அங்கே போகலாமே என்பர் சிலர். 2007-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஏற்பட்ட அத்தீர்ப்பாயத்துக்குச் சென்னையில் கிளை உண்டு. நல்ல தீர்ப்புகளும் வந்திருக்கின்றன. ஆயினும் இரண்டு வரி எழுத்துக்காக எழுபத்தைந்து வயது மனிதர் தாராபுரத்திலிருந்து சென்னைக்குப் பஸ் ஏறவேண்டும் என்பது, வக்கீல் தொழில் செய்யும் நமக்கே கூசுகிறது.

பணியில் இருப்பவர்களுக்கும் பல வருஷங்களாகப் பதக்கங்கள் உரிய காலத்தில் கிடைக்காமல், கடையில் நகல் வாங்கிச் சீருடையில் குத்திக்கொள்ளும்படி நேர்ந்ததுண்டு. "அப்படி ஒன்றை நீங்களும் வாங்கிக்கொள்ளலாமே" என்று நம் அலுவலகத்து இளைஞர் ஒருவர் விளையாட்டாகச் சொன்னார். முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "கடையில கெடைக்குதுங்க தம்பி. வாங்கிக் குத்திக்கிட்டா, நானே எனக்குக் குடுத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்களே" என்றார். இளைஞர் தலைகுனிந்தார்.

பாதுகாப்பு மந்திரிசபையார் செய்யவேண்டியது அதிகம் இல்லை. பதக்க ஜாபிதாக்களையும் பட்டாளங்களின் யுத்தக் குறிப்புகளையும் அழிவில்லாத தஸ்தாவேஜுகளாக்கி, எல்லாப் பதிவு அலுவலகங்களிலும் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். இருபத்தைந்து வருஷ விதியைத் திருத்தி, எந்த ஏட்டையும் அழிக்குமுன் அதற்குரியவருக்கோ அவர் வாரிசுக்கோ அறிவிப்புக் கொடுத்து, பிரதி தரவேண்டும். ஏடு அழிந்த இடத்தில், உடன் பணிபுரிந்த இருவரின் அத்தாட்சியையும் பேரேட்டையும் ஒப்பிட்டு, மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும்; மறுப்பதானால் காரணம் எழுதவேண்டும். ஜில்லாதோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அதிகாரிகள், கிழவர்களைத் தலைநகரங்களுக்கு வரச்சொல்லாமல், தாராபுரம் போன்ற தாலூக்கா ஊர்களில் வருஷத்துக்கொரு நாளாவது அமர்ந்து இவ்விண்ணப்பங்களை வாங்கலாம். நம் சட்டசபை, பார்லிமெண்டு அங்கத்தினர்கள் கொடிநாளில் சட்டையில் கொடி குத்திக்கொண்டு படம் பிடித்துக்கொள்வதோடு நில்லாமல், இதைச் சபையில் கேள்வியாக எழுப்பலாம்.

முதியவரின் புதிய விண்ணப்பத்தை நாமே எழுதிக்கொடுத்தோம். அவரோடு ஒரே பதுங்குகுழியில் இருந்த இரண்டு தோழர்களின் விலாசம் அவருக்கு இன்னும் மனப்பாடம். ஒருவர் வேலூர்ப் பக்கம், மற்றவர் கேரளத்தில். இருவருக்கும் அத்தாட்சி கேட்டுக் கடிதம் போயிருக்கிறது. அவை வந்து சேர்ந்ததும் விண்ணப்பத்தோடு இணைத்து விரைவுத் தபாலில் அனுப்புவோம். பதில் எதுவாயினும் இப்பத்தியிலேயே வெளியிடுவோம்.