விழா மேடையும் பிள்ளைகளின் மனச்சாட்சியும்

பாடசாலைகளிலும் அரச அலுவலகங்களிலும் ஆண்டு முழுவதும் சமயப் பண்டிகைகளையொட்டிய கலைநிகழ்ச்சிகள் இடம்பெறுகின்றன. வெசாக் காலத்தில் பக்திப் பாடல்கள், நவராத்திரியில் வாணி விழா, நத்தாரையொட்டி ஒளி விழா, முஸ்லிம்களின் மீலாத் விழா என அவை தொடர்கின்றன. இம்மேடைகளில் எதைப் பாடுவது, யார் பாடுவது என்பது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆயினும் மாத்தளை போன்றதொரு மாவட்டத்தில் அதனை அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, இம்மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் சிங்களவர்கள். எஞ்சியோரில் பெரும்பாலானோர் தமிழரும் முஸ்லிம்களுமாவர். பௌத்த திரிபிடகம் நூல்வடிவம் பெற்றதாகக் கூறப்படும் அலுவிகாரையும், மாசிமகத்தில் ஐந்து தேர்கள் பவனிவரும் முத்துமாரியம்மன் ஆலயமும் மாத்தளையிலேயே உள்ளன. திராவிடக் கட்டடக் கலையைத் தழுவிய நாலந்த கெடிகேயும் இம்மாவட்டத்திற்கே உரியது. அதேவேளை, 1983 ஜூலை வன்செயலில் அவ்வம்மன் ஆலயம் தீக்கிரையானதையும், 2012இல் தம்புள்ளைப் பள்ளிவாசலை அகற்றக் கோரி ஆர்ப்பாட்டம் நடைபெற்றதையும், 2013இல் அங்கிருந்த காளி கோயில் அகற்றப்பட்டதையும் மக்கள் மறந்துவிடவில்லை. இத்தகைய மண்ணில் சிறுபான்மைப் பிள்ளையொருவரை மேடையேற்றும்போது கூடுதல் கவனம் அவசியமாகின்றது.

சமயத்தை மேடையிலிருந்து முற்றாக நீக்கிவிடலாம் என்று சிலர் கூறுவர். ஒவ்வொரு சமயத்திற்கும் ஒரு பாடல் வீதம் சேர்த்துவிட்டால் போதும் என்பர் வேறு சிலர். முன்னையது விழாவின் உயிரையே பறித்துவிடும். பின்னையது கணக்கைச் சரிசெய்யுமேயன்றி மனங்களை இணைக்காது. நிகழ்ச்சியின் சாரம் எத்தனை பாடல்கள் என்பதிலன்றி, பாடுவோர் மனமுவந்து பாடுகின்றனரா என்பதிலேயே தங்கியுள்ளது.

சேலத்தில் பிறந்து இலங்கையில் புகழ்பெற்ற மொஹிதீன் பெய்க் ஒரு முஸ்லிம். அவர் பாடிய பௌத்த பக்திப் பாடல்கள் இன்றும் வெசாக் காலத்தில் ஒலிக்கின்றன. அவர் தமது விருப்பத்தின் பேரில் பாடினார். அதனாலேயே அக்குரல் நாட்டின் பொதுச் சொத்தாயிற்று. ஆனால், ஆசிரியருக்கு அஞ்சி, பொருள் விளங்காத மொழியில், தனதல்லாத தெய்வத்தைத் துதிக்கும் சிறுமியின் நிலை முற்றிலும் வேறானது.

இந்தியாவில் கேரளாவைச் சேர்ந்த மூன்று மாணவர்கள், தேசிய கீதத்தின்போது மரியாதையுடன் எழுந்து நின்றபோதிலும், தமது நம்பிக்கை காரணமாக அதனைப் பாட மறுத்ததற்காகப் பாடசாலையிலிருந்து நீக்கப்பட்டனர். 1986இல் இந்திய உயர் நீதிமன்றம் அம்மாணவர்களின் பக்கமே தீர்ப்பளித்தது. நமது அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்திற்கு முதன்மை இடத்தை வழங்குகின்ற போதிலும், 10ஆம் உறுப்புரை அனைவருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரத்தை உறுதிசெய்கின்றது. வகுப்பறையில் மாணவர்கள் தத்தமது சமயத்தையே கற்க வேண்டுமென ஏற்றுக்கொண்டுள்ள நமது கல்வி முறை, மேடையில் மட்டும் அதனை மறந்துவிடலாகாது.

எனவே, விழாக் குழுக்களில் எல்லாச் சமயத்தவரும் அங்கம் வகிக்க வேண்டும். பாடல்களைத் தெரிவுசெய்யும் கட்டத்திலேயே அவர்களது கருத்து பெறப்பட வேண்டும். பிற சமய வழிபாட்டுப் பாடலில் பங்கேற்பது மாணவர்களினதும் பெற்றோரினதும் விருப்பத்திற்கு விடப்பட வேண்டும். விலகி நிற்கும் பிள்ளைக்குக் கண்டனமோ கேலியோ நேராதிருப்பதை அதிபர்கள் உறுதிப்படுத்த வேண்டும். பாடலின் பொருளை மும்மொழியிலும் சுருக்கமாக அறிவித்தால், சபையோரும் அதனை உணர்ந்து கேட்பர்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வலயக் கல்வி அலுவலகங்களின் ஒரு சுற்றறிக்கையும் அதிபர்களின் நல்லெண்ணமுமே போதுமானவை. அயலவரின் பண்டிகையில் விருந்தினராக அமர்ந்து மகிழ்வதற்கு எவரும் தமது நம்பிக்கையை வாசலில் கழற்றி வைக்க வேண்டியதில்லை என்பதைப் பிள்ளைகள் பாடசாலையிலேயே உணர்ந்துகொள்ள வேண்டும். அதற்கான பொறுப்பு பெரியவர்களாகிய நம்முடையது என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம்.