கிழித்தெறிந்த முதற்படிகள்



என் மாணவி ஒருத்தி, ஓராண்டில் எழுதிய பன்னிரண்டு கட்டுரைகளையும் பிழையின்றிப் படியெடுத்துத் தொகுத்து வந்தாள். "முதற்படிகள் எங்கேயம்மா?" என்றேன். "சிவப்பு மையாக இருந்தது, ஹஜ்ரத், கிழித்துவிட்டேன்" என்றாள்.

குறுவையைப் பற்றிய கட்டுரையில், ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கப்படும் என்று முதலில் எழுதியிருந்தாள். அந்நாளில் தண்ணீர் வராத ஆண்டுகளை அவளுடைய அத்தா எடுத்துரைக்க, பின்னர் திருத்தினாள். அந்தத் திருத்தமன்றோ அவள் கற்ற கல்வி! பிழை நீக்கக் கற்பித்த நான், பிழையின் சுவட்டைப் பேணக் கற்பிக்கவில்லை, குற்றம் என்னுடையதே.

கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் தமிழ் கற்பித்த உ.வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியில் தமக்கு விளங்காதவற்றை அவ்வூர்ச் சமணரிடம் கேட்டறிந்தே 1887-இல் அதனைப் பதிப்பித்தார்; பிற்பதிப்புகளிலும் திருத்தினார்.

மாணவரின் முன்னுரையும் இதனையே கூறவேண்டும்: எங்கே இடறினேன், யார் சொல்லத் திருந்தினேன், இன்னும் எது கைவரவில்லை. 'சிறியேன் பிழை பொறுக்க' என்னும் சம்பிரதாய அவையடக்கம் எதற்கு?

பெற்றோர்களே, ஆண்டிறுதியில் பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அம்மாணவி இப்போது முன்னுரை எழுதுகிறாள். முதல் வரி: "இவற்றின் முதற்படிகளை நான் கிழித்துவிட்டேன்."