முதலில் நீர், பிறகு வர்ணம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வாழும் என் பழைய மாணவர், ஏரியில் மீன் பிடிக்க 14 அடி அலுமினியப் படகொன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார். உடனே வர்ணம் பூசப் போவதாக எழுதியிருந்தார். வேண்டாமென்று பதில் எழுதினேன். அங்கே உறவினர் உள்ளவர்களுக்கும் அது பயன்படலாம்.

நம் வீட்டு அலுமினியச் சட்டியின் கைப்பிடி ஆணி தளர்ந்தால் கசிகிறதல்லவா? படகும் அப்படித்தான். கரையில் நிறுத்தி, உள்ளே நாலு விரற்கடை நீர் ஊற்றுங்கள். நிரப்பிவிடாதீர்கள், பாரம் தகட்டை வளைத்துவிடும். அடியில் துளி தொங்கும் ஆணிக்கெல்லாம் அடையாளமிடுங்கள். ஒருவர் ஒருபுறம் கனத்த இரும்பால் தாங்க, மற்றவர் மறுபுறம் தட்டினால் இறுகும். இறுகாததை மாற்றியே ஆகவேண்டும்.

மோட்டாரைத் தாங்கும் பின்பலகை உளுத்திருந்தால் மாற்றுங்கள். செம்பு மருந்தேற்றிய மரம் மட்டும் கூடாது. ஈரத்தில் செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். பித்தளைத் திருகாணியும் ஆகாது.

இருக்கைக்கடியிலுள்ள நுரையை எடுத்துப் பாருங்கள். படகில் நீர் புகுந்தாலும் மூழ்காமல் காப்பது அதுதான். நீரில் ஊறிய நுரையோ வெறும் சுமை. மாணவர் இன்னும் அதைத் திறந்து பார்க்கவில்லையாம். அவருடைய பிள்ளைகள் இருவரும் அந்த இருக்கையில்தான் அமரப் போகிறார்கள்.