இனிப்புநீர் இல்லாத கால் புண்

சித்தியவான் பக்கம் ஒருவருக்குக் காலில் புண் ஆறவில்லை என்றால், "இனிப்பு எவ்வளவு இருக்கு?" என்றுதான் முதலில் கேட்போம். கேட்பது நியாயமே. ஆனால் வயது நாற்பதுக்குள், இனிப்புநீர் இல்லை, புகைப்பழக்கம் மட்டும் உண்டு, கால்விரல் நுனி கறுக்கிறது என்றால் பெர்கர் நோயையும் நினைக்க வேண்டும்.

1908இல் நியூயார்க் மருத்துவர் லியோ பெர்கர் விவரித்த இது, ரத்தக்குழாய் அழற்சியில் ஒரு வகை. கைகால்களின் சிறிய, நடுத்தரக் குழாய்கள் அழற்சி கண்டு, உள்ளே ரத்தம் உறைந்து, வழி அடைபட்டுப்போகும். இந்தியாவில் பீடி குடிக்கும் ஏழை உழைப்பாளிகளை இது நெடுங்காலமாகப் படுத்துகிறது. இங்கே நம் மலேசியத் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. புகையிலை மட்டும் போகவில்லை.

முதலில் நடக்கும்போது உள்ளங்காலில் வலி பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். செருப்பைக் குறை சொல்லிப் புதுசு வாங்குவார்கள். சிலருக்குத் தோலுக்கடியில் ரத்தக்குழாய் சிவந்து தடித்து, தொட்டால் வலிக்கும். ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் தோன்றும். குளிரில் விரல்கள் வெளுக்கும், நீலம் பூக்கும். பிறகு ராத்திரி வலி. காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிட்டால்தான் கொஞ்சம் கண் அயரும். இந்த நிலை வரும்வரை பொறுத்துக்கொண்டிருப்பதுதான் எனக்கு ஆற்றாமை.

பாதத்தின் மேல், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேர் மேலே, விரல்களை மெதுவாக வைத்துப் பாருங்கள். நாடி துடிக்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே அங்கே துடிப்பு கிடைக்காது. அதனால் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் பாருங்கள். இரண்டு இடத்திலும் இல்லாமல் கால் சில்லிட்டிருந்தால், எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காமல் அன்றைக்கே ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனைக்குப் போங்கள். சுடுநீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். ரத்தம் ஓடாத தோல் சீக்கிரம் வெந்துபோகும்.

இந்த நோய்க்கு முதல் வைத்தியம் புகையிலையை அடியோடு விடுவது. அழுகல் தொடங்குமுன் விட்டவர்களில் பெரும்பாலோர்க்குக் காலை எடுக்க வேண்டி வருவதில்லை. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு என்று குறைப்பது இங்கே பலிக்காது. வெற்றிலையோடு புகையிலை மெல்லுவதும் இதில் சேர்ந்ததே. நிக்கோட்டின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை எதுவானாலும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். நிக்கோட்டினே நோயைத் தூண்டிவிடலாம்.

அரசாங்கக் கிளினிக்குகளில் புகையை நிறுத்த உதவுகிறார்கள். தம்பி தனியாகப் போகத் தயங்கினால் அண்ணனோ அக்காவோ கூடப் போங்கள். ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று டாக்டர் கேட்கும்போது, உள்ள கணக்கை அவன் வாயாலேயே சொல்லவிடுங்கள்.