தோட்டத்துக்கும் பட்ஜெட்டா சார்?

எதிர் ஃபிளாட் நண்பர் என் பால்கனி நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தோட்டத்துக்கும் பட்ஜெட்டா சார்? பாங்க் புத்தி போகுமா! எங்க பாட்டி என்ன திட்டமா போட்டாங்க? கிளையை ஒடிச்சு நட்டாங்க, வந்துச்சு."

நானும் சிரித்து வைத்தேன். ஆனால் டெல்லிக்கு வந்த நாளாய் நம்மாட்களிடம் இந்தப் பாட்டி வாதத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

பாட்டி திட்டம் போட்டார்கள் ஐயா! வாழை எங்கே நின்றது? பாத்திரம் கழுவின தண்ணீர் போய் விழுகிற இடத்தில். முருங்கை? கொல்லைக் கோடியில். காற்றில் கிளை முறிந்தால் கூரை ஓடு தப்ப வேண்டுமே. அவரையை ஆடியில் ஊன்றினால் மார்கழி, தையில் காய். எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த மண்ணுக்கும் மழைக்கும் தலைமுறை தலைமுறையாய்ப் போட்ட திட்டம் அது. ரயிலில் கன்றைக் கொண்டு வரலாம், திட்டத்தைக் கொண்டு வர முடியாது.

நான் அனுபவித்தவன். அம்மா இரண்டு நாள் ரயிலில் காலடியில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டு வந்த கறிவேப்பிலைக் கன்று. தோன்றிய தொட்டியில், தோன்றிய மூலையில் வைத்தேன். ஜனவரியில் இலையெல்லாம் கொட்டியது. தாகம் என்று நினைத்து இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். குளிரில் அது தூங்குகிறது, பங்குனியில் தானே துளிர்க்கும் என்று யாருக்குத் தெரியும்? வேர் அழுகிப் போனது. அம்மா போனில் கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கும்மா" என்று இரண்டு வருஷம் பொய் சொன்னேன்.

இங்கே மே, ஜூனில் 45 டிகிரி வரை அடிக்கும். ஜனவரி விடியற்காலையில் 4, 5 டிகிரிக்கு இறங்கும். ஆடிப் பட்டம் பார்த்து இங்கே கொத்தமல்லி தூவினால் மழையில் அழுகும். கொத்தமல்லி, வெந்தயம், பாலக் எல்லாம் ஐப்பசியில்தான். வடக்குப் பார்த்த பால்கனியில் குளிர்காலம் பூராவும் நேர் வெயிலே விழாது. அங்கே தக்காளி வைத்துவிட்டு விதைக்காரனைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை. ஒரு கன அடி ஈர மண் 40 கிலோவுக்கு மேல் இருக்கும். ஆசைப்பட்ட தொட்டியையெல்லாம் வரிசையாக அடுக்குமுன் கீழ்வீட்டுக்காரரையும் கொஞ்சம் நினையுங்கள் :-)

"திட்டம் போட்டா சந்தோஷம் போயிடும்" என்பார்கள். சமையல் குப்பையில் தானாய் முளைத்த தக்காளியை நானும் பிடுங்க மாட்டேன். அதற்கென்றே ஒரு தொட்டி காலியாக வைத்திருக்கிறேன். ஆனால் வருஷா வருஷம் செடி வாங்கி வருஷா வருஷம் சாகடிப்பதில் என்ன சந்தோஷம்? கணக்கில் அதை நஷ்டம் என்போம்.

நோட்டில் பெரிதாய் ஒன்றும் இல்லை. எந்த மாதம் எந்த மூலையில் எத்தனை மணி நேரம் வெயில், எதை எப்போது விதைத்தேன், எது பிழைத்தது. ஒரு வருஷம் எழுதிப் பாருங்கள், பாட்டி மனசுக்குள் வைத்திருந்தது உங்கள் கைக்கு வந்துவிடும்.

இப்போது இருப்பது இரண்டாவது கன்று. நாலு குளிர் தாண்டிவிட்டது. அம்மாவிடம் முதல் கன்றைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.