பத்து ஏ எடுக்காத பிள்ளைக்கும் ஒரு வாசல் வேண்டும்

  கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் நான்காம், ஐந்தாம் படிவப் பிள்ளை இருந்தால் பொறுமையாகக் கடைசி வரைக்கும் படிங்க. இல்லாதவங்க பக்கத்து வீட்டுக்கு அனுப்பி வைங்க.

எஸ்.பி.எம். முடிவு வருகிற வாரம் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு கூடும். மெட்ரிகுலேஷன் முடிவு வருகிற வாரம் வாட்ஸ்அப்பில் கோபம் கூடும். "இத்தனை ஏ எடுத்தும் இடம் இல்லையாம்" என்று ஒரு படம் சுற்றும். யாராவது ஒரு தலைவர் அறிக்கை விடுவார். பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல்முறையீட்டில் இடம் கிடைக்கும், படம் எடுப்பார்கள், அடங்கிவிடும். அடுத்த வருஷம் மறுபடி முதலிலிருந்து. இந்தச் சுற்று ஏன் ஓயவே மாட்டேங்குது என்று நாம் யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முதலில் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போக இரண்டு பெரிய பாதை உண்டு. ஒன்று மெட்ரிகுலேஷன், பெரும்பாலும் ஒரே வருஷம். இன்னொன்று ஆறாம் படிவம், அதாவது எஸ்.டி.பி.எம்., ஒன்றரை வருஷம், மூன்று தவணைத் தேர்வு. மெட்ரிக் தேர்வை நடத்துவது கல்வி அமைச்சின் மெட்ரிகுலேஷன் பிரிவு. எஸ்.டி.பி.எம். தேர்வை நடத்துவது மலேசியத் தேர்வு மன்றம். பாடத்திட்டம் வேறு, கேள்வித்தாள் வேறு, திருத்துகிறவர்கள் வேறு. ஆனால் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் யூ.பி.யூ. வழியாக ஒரே மருத்துவ இடத்துக்கும் ஒரே கணக்கியல் இடத்துக்கும் போட்டி போடுகிறார்கள். இந்தப் பக்கம் எடுத்த 4.0-வும் அந்தப் பக்கம் எடுத்த 4.0-வும் ஒரே எடைதான் என்று கணக்கு. ஒரே தராசில் நிறுக்காமல் இரண்டும் ஒரே எடை என்றால் எந்தக் கடைக்காரராவது ஒத்துக்கொள்வாரா?

2002-இல் பல்கலைக்கழக நுழைவில் இன ஒதுக்கீட்டை எடுத்துவிட்டோம், இனி தகுதிதான் என்று அரசாங்கம் சொன்னது. ஆனால் மெட்ரிக் நுழைவில் பூமிபுத்ராவுக்கு 90, மற்ற எல்லாருக்கும் சேர்த்து 10 என்ற பங்கு நின்றது. முன்வாசலில் கழற்றிய பலகையைப் பக்கத்து வாசலில் மாட்டியது போலத்தான் இது.

பிறகு நமக்கு என்ன கிடைத்தது? 2012-இல் அன்றைய பிரதமர் நஜிப் இந்திய மாணவர்களுக்கு 1,500 மெட்ரிக் இடம் என்று அறிவித்தார். சந்தோஷப்பட்டோம். 2019-இல் அமைச்சரவை மொத்த இடத்தை 25,000-லிருந்து 40,000-ஆக உயர்த்தியது, ஆனால் 90க்கு 10 அப்படியே. 2024-இல் பிரதமர் அன்வார், எஸ்.பி.எம்.-இல் 10ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த எல்லா மாணவருக்கும் இனம் பார்க்காமல் மெட்ரிக் இடம் என்றார். இது நல்ல முடிவு. அதை நாங்கள் குறை சொல்லவில்லை. 10ஏ எடுத்த பிள்ளை அழுதுகொண்டு நிற்கிற நிலை எந்த நாட்டுக்கும் அழகில்லை.

ஆனால் பக்தர்களே, ஒன்று யோசிங்க. 10ஏ எடுக்கிற பிள்ளை யார்? பல பள்ளிகளில் பிள்ளைகள் 9 பாடம்தான் எடுக்கிறார்கள். ஒன்பதிலும் ஏ எடுத்தாலும் அது 10ஏ ஆகாது. நம் பிள்ளைகள் பலருக்குப் பத்தாவது பாடம் தமிழ்தான். 1996 கல்விச் சட்டப்படி, இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு வேண்டும் என்றால் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும். பள்ளியில் நடக்கவில்லை என்றால் வெளியே வகுப்பு தேடணும், கட்டணம் கட்டணும், கொண்டுபோய் விடணும். அப்பா லோரி ஓட்டுகிறார், அம்மா இரவு ஷிப்ட் என்றால் யார் கொண்டுபோய் விடுவது?

ஆகவே 10ஏ என்கிற கோடு, ஏற்கெனவே ஏணியில் பாதி ஏறிய பிள்ளையைத் தூக்கிவிடுகிற கை. தாமான் வீட்டில் தனி அறை, ஐந்து பாடத்துக்கு டியூஷன், நல்ல இணையம் இருக்கிற பிள்ளைக்கு அது எட்டும். பிளாட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு, கைத்தொலைபேசியிலேயே படித்து 6ஏ எடுத்த பிள்ளைக்கு எட்டாது. இந்த இரண்டு பிள்ளையில் யார் அதிகமாக உழைத்தது? தொழிற்சாலையில் இத்தனை வருஷம் ஆட்களை வைத்து வேலை வாங்குகிற எங்களைக் கேட்டால், புது மெஷினில் நூறு பீஸ் போட்டவனைவிடப் பழைய மெஷினில் எண்பது போட்டவனைத்தான் முதலில் மேலே தூக்குவோம். மெஷினைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவன் நல்ல மேற்பார்வையாளர் இல்லை.

இதை மலாய்க்காரப் பிள்ளைகளுக்கு எதிரான பேச்சாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசியலமைப்புச் சட்டத்தின் 153ஆம் பிரிவு மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் சிறப்பு நிலை தருகிறது. அது நாட்டின் சட்டம். எங்களோடு லைனில் நிற்கிற மலாய் நண்பர்களின் பிள்ளைகளும் கஷ்டத்தில்தான் படிக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்தால் நாங்கள் கைதட்டுவோம். ஆனால் பெரிய பதவியில் இருக்கிறவர் பிள்ளையும் அதே வரிசையில் அதே சலுகையில் போகிறதே, அதைப் பற்றி அந்த நண்பர்களுக்கும் மனக்குறை உண்டு. ஏழைக்கு ஏழைதான் போட்டி என்று ஆகிவிட்டால் நடுவில் யாரோ சுகமாகப் போய்விடுகிறார்கள்.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தமிழ்நாட்டில் 2020-இல் ஒரு சட்டம் போட்டார்கள். 6ஆம் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. நீட் தேர்வு வந்தபிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவதே அபூர்வமாகிப் போனது, அதனால் வந்த சட்டம். ஜாதிவாரி ஒதுக்கீடு ஏற்கெனவே இருக்கிற மாநிலம் அது. அதற்கு உள்ளேயே, எந்தப் பள்ளியில் எந்த நிலைமையில் படித்தாய் என்பதையும் எடைபோட்டார்கள். அடுத்த வருஷமே பொறியியல் போன்ற தொழிற்கல்விக்கும் அதை நீட்டினார்கள். முக்கியமான விஷயம், அது மேடையில் அறிவித்த அன்பளிப்பு இல்லை. சட்டம். ஆட்சி மாறினாலும் நிற்கும்.

நமக்குக் கிடைத்ததெல்லாம் அறிவிப்புகள். ஒருவர் கொடுப்பதை அடுத்தவர் குறைக்கலாம், மறக்கலாம். ஆகவே நாம் கேட்க வேண்டியது "எங்களுக்கு இன்னும் 500 இடம்" என்று இல்லை என்பது எங்கள் கருத்து. மூன்று விஷயம் கேட்போம். ஒன்று, மெட்ரிக் இடம் எந்த வருமானக் குடும்பத்துக்கு எத்தனை போனது என்று ஒவ்வொரு வருஷமும் பொதுவில் போடுங்கள். இரண்டு, பி40 பிள்ளைக்கு எந்த இனமாக இருந்தாலும் குடும்ப நிலையும் பள்ளியும் பார்த்து மதிப்பெண்ணை எடைபோடுங்கள். மூன்று, மெட்ரிக்கும் எஸ்.டி.பி.எம்.-மும் பல்கலைக்கழக வாசலில் ஒரே பொதுத் தேர்வு எழுதட்டும். இந்த மூன்றும் யாருடைய பிள்ளையையும் தள்ளிவிடாது.

சரி, அரசாங்கம் கேட்கும்வரை நம் பிள்ளை காத்திருக்க முடியுமா? முடியாது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து பந்தாயில் இருக்கிற மலாயாப் பல்கலைக்கழகம் கூப்பிடு தூரம். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் பிறந்த பல பிள்ளைகளுக்கு அதன் வாசலுக்குப் போகிற வழி தெரியாது. வழி சொல்ல வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் தொண்டர்களிடம் வந்த ஒரு குடும்பம். பெண் பிள்ளை, நல்ல மார்க். ஒரு தனியார் கல்லூரி முகவர் வீட்டுக்கே வந்து "உடனே சேருங்க, கடன் நாங்க எடுத்துத் தர்றோம்" என்று பாரம் நீட்டியிருக்கிறார். ஆறாம் படிவம் என்றால் தோற்ற பிள்ளை போகிற இடம் என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள். அப்பாவுக்குச் சம்பளம் ரொக்கத்தில், சம்பளச் சீட்டு கிடையாது, அதனால் எந்த உதவிக்கும் எழுத முடியாது என்று வேறு பயம். உட்கார வைத்துப் பேசினோம். வருமான உறுதிக் கடிதம் எப்படி வாங்குவது என்று காட்டினோம். இன்று அந்தப் பிள்ளை ஆறாம் படிவத்தில் படிக்கிறாள். கையெழுத்து போட்டிருந்தால் பதினெட்டு வயதிலேயே பல்லாயிரம் வெள்ளி கடன்.

ஆகவே ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரியணும்:

எஸ்.பி.எம். முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் மெட்ரிக் விண்ணப்பத் தேதி போய்விடலாம். முன்னாலேயே பாருங்க.

ஆறாம் படிவத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை. தகுதி இருந்தால் அழைப்பு வரும். வரவில்லை என்றால் முறையிடலாம்.

யூ.பி.யூ.-வில் 90 விழுக்காடு பாடம், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. சனிக்கிழமை கழகக் கூட்டத்துக்குப் பிள்ளையை அனுப்பாவிட்டால் அந்தப் பத்தில் அடி விழும். விண்ணப்பத்தில் விருப்பப் பாடங்களை எந்த வரிசையில் போடுகிறோம் என்பது முக்கியம். இடம் கிடைக்கவில்லை என்றால் மேல்முறையீடு உண்டு, அதற்கும் தேதி உண்டு.

எஸ்.டி.பி.எம். பிள்ளைக்கு மூவெட் ஆங்கிலத் தேர்வும் வேண்டும். பி.டி.பி.டி.என். கடனுக்கு எஸ்.எஸ்.பி.என். கணக்கு முதலில் திறக்கணும்.

கோயில் இதில் தலையிடலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில். 1982-இல் டாக்டர் தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கியபோது, பக்தியையும் படிப்பையும் ஒன்றாகக் கட்டினார். பத்துமலைக்குக் கல்வி யாத்திரை போன பிள்ளைகள் எத்தனை பேர் இன்று மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர்! முருகன் பெயரைச் சொல்லிப் பாடம் சொல்லிக் கொடுத்தது யார் பக்தியையும் குறைக்கவில்லை.

எங்கள் வேண்டுகோள் சின்னது. ஒவ்வொரு ஆலயத்திலும் அன்னதான மண்டபத்தில் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர். ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்து இரண்டு மணி நேரம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இப்போது படிக்கிற நம் பிள்ளைகள் இருவர். திருவிழா உபயம் எடுக்கிற குடும்பங்கள் வருஷத்தில் ஒரு தடவை கல்வி உபயமும் எடுக்கட்டும். தமிழ்ப் பாடத்துக்குப் பள்ளியில் 15 பேர் சேரவில்லை என்றால் அந்தப் பத்துப் பிள்ளைக்கு மண்டபத்தில் வகுப்பு நடக்கட்டும்.

எங்கள் ஆலயத்தில் மேசை தயார். உதவ முடிந்த ஆசிரியர்கள், மாணவர்கள் கீழே பெயர் போடுங்க. உதவி தேவைப்படுகிற குடும்பம் வெட்கப்படாமல் நேரில் வாங்க, ஃபைலை மட்டும் கொண்டு வாங்க. எத்தனை ஏ என்று யாரும் கேட்க மாட்டோம்.

வேலும் மயிலும் துணை.