காலி வண்டி

எங்கள் தெருமுனைப் பழைய பேப்பர் கடையில் போன வாரம் புதுப் பலகை ஏறியிருக்கிறது. ‘வீடு மாற்ற, சரக்கு ஏற்ற வண்டி கிடைக்கும். பொருட்கள் வைக்க இடம் உண்டு.’ கடைக்கார அண்ணாச்சி இருபது வருடப் பழக்கம். “என்ன அண்ணாச்சி, தொழிலை மாத்திட்டீங்களா?” என்று கேட்டேன்.

“எங்க சார் மாத்துனேன்? அதே வண்டிதானே.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவருடைய பேப்பர் கட்டுகள் கரூர் பக்கத்து மில்லுக்குப் போகின்றன. திரும்பும்போது வண்டி காலி. டீசல், டிரைவர் படி, டோல் எதுவும் காலி வண்டி என்பதற்காகக் குறையாது. கரூரிலோ போர்வையும் துண்டும் திரைச்சீலையும் கட்டுக்கட்டாகச் சென்னைக்கு வண்டி தேடிக் கிடக்கும். புக்கிங் ஆபீஸில் சொல்லி வைத்தார், ரிட்டர்ன் லோடு கிடைத்தது. பேப்பருக்கு விலை ஏறும்வரை அடுக்கி வைக்கப் பிடித்த குடோனில் பாதி சும்மா கிடந்தது. இப்போது அங்கே ஒரு பந்தல்காரரின் நாற்காலிகள்.

அன்றைக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாயை இழுத்துக் கட்டிய பையனைக் கீழே இறக்கிவிட்டு, அண்ணாச்சியே ஏறி மூலை முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார். “பேப்பர்ல ஈரம் ஏறுனா மில்லுல எடையைக் கழிச்சிடுவான் சார்.” வருடக்கணக்கில் ஈரத்துக்குக் காசு இழந்து படித்த முடிச்சு அது. போர்வைக் கட்டு நனையாமல் வந்து சேர்வதும் அதே முடிச்சால்தான்.

ஜெர்மனியில் ஒரு குடும்பம் இதே தடத்தில் வெகுதூரம் போயிருக்கிறது. செல்ம் என்ற சிற்றூரில் ரெத்மான் குடும்பம் 1934-இல் ஒரு வண்டித் தொழிலோடு தொடங்கியது. குப்பை அள்ளி, தரம் பிரித்து, மறுசுழற்சிக்கு அனுப்பி வளர்ந்தது. இன்றைக்கு ரெமோண்டிஸ் என்ற பெயரில் அத்துறையின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று. அந்தக் குடும்பம் 1998-இல் ரேனஸ் என்ற சரக்கு நிறுவனத்தை வாங்கியது. ரேனஸ் என்றால் லத்தீனில் ரைன் நதி. 1912-இல் அந்த நதிப் போக்குவரத்தை நம்பிப் பிறந்த நிறுவனம். இப்போது லாரி, கப்பல், கிடங்கு என்று கண்டம் தாண்டி நிற்கிறது.

குப்பைக்காரர்களுக்கு எதற்குச் சரக்குத் தொழில் என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. குப்பைத் தொழிலில் பணத்தைத் தின்பதே அள்ளுவதும் கொண்டுபோவதும்தான். எந்தத் தெருவில் எந்த நேரத்தில் வண்டி நுழையும், எதை எதன்மேல் அடுக்கலாம், எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நாம்தான் அதை ஒரு படிப்பாக மதித்ததில்லை. ஆனால் ஒன்று: எச்சில் குப்பை ஏற்றிய வண்டியில் அரிசி மூட்டை ஏறக்கூடாது. அதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. பழைய சரக்கில் அண்ணாச்சி பேப்பரும் அட்டையும் தவிர வேறு தொடுவதில்லை.

குடோனுக்குள் போய்ப் பார்த்தேன். பேப்பர் தரம் பிரிக்கும் அக்கா வழக்கமாக ஜன்னலோரம் உட்காருவார். ஜன்னலை நாற்காலி அடுக்கு மறைத்துவிட்டது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பாடப்புத்தகத்தை ஒரு பக்கமும் செய்தித்தாளை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டிருந்தார். கூலி அதேதான் என்றார்.

வெளியே வந்து அண்ணாச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பையனைக் கூப்பிட்டு, “அந்த நாற்காலியை எல்லாம் இந்தச் சுவர்ப் பக்கம் மாத்துடா” என்றார். கூலியைப் பற்றி இன்னும் பதில் வரவில்லை. அடுத்த வாரமும் கேட்பேன்.